பசையம்

கோதுமை மாவில் இருக்கும் குளூட்டன் என்பதற்குத் தமிழில் பசையம் என்று எழுதுகிறோம். லத்தீன் மொழியில் குளூட்டன் என்றால் பசை, கோந்து. அந்தப் பொருளையே எடுத்துக்கொண்டு, ‘பசை’யோடு ‘அம்’ விகுதி சேர்த்து உண்டாக்கிய சொல் இது.

இத்தாலியின் போலோஞா நகரில் இருந்த அறிஞர் யாக்கோப்போ பெக்காரி, கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசிப் பார்த்தார். மாவுச்சத்து வெள்ளையாகக் கரைந்துபோக, இழுத்தால் நீளும் பிசின் ஒன்று கையில் மிஞ்சியது. அவருடைய கட்டுரை 1745-ல் அச்சானது. நம் பக்கம் அல்வா கிண்டுகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து பால் எடுத்த பிறகு, தவிட்டோடு சேர்ந்து சவ்வு மாதிரி இழுபடும் சக்கை கிடக்குமே, அதில் இருப்பது பசையம்தான். அதற்காக அல்வாவில் பசையம் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. எவ்வளவு பக்குவமாகப் பிழிந்தாலும் பாலோடு கொஞ்சம் இறங்கிவிடும்.

பசையம் ஒரு புரதம். கோதுமையில் உள்ள கிளையாடின், குளூட்டெனின் என்ற இரு வகைப் புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிணைவதால் உருவாகிறது. பரோட்டா மாவைக் கிழியாமல் வீச முடிவது இதனால்தான். பார்லியிலும் ரை தானியத்திலும் இதே குடும்பத்துப் புரதங்கள் உண்டு. சீலியாக் நோய் உள்ளவர்கள் இவற்றைச் சாப்பிட்டால், அவர்களுடைய நோயெதிர்ப்பு ஆற்றலே சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கும். வேகவைத்தாலும் பொரித்தாலும் இந்தக் குணம் போகாது.

சரி, பசையம் நல்ல சொல்லா? நல்ல சொல்தான், ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். இலையின் பச்சை நிறத்துக்குக் காரணமான பச்சையத்துக்கும் இதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அப்புறம், பசை என்றதும் ஒட்டுவதையெல்லாம் ஒதுக்கத் தோன்றும். கவுனி அரிசி ஒட்டுவது அதன் மாவுச்சத்தால். அதில் பசையம் கிடையாது. வெண்டைக்காயின் வழவழப்பும் வேறு. இந்தக் குழப்பம் இருந்தாலும் ‘கோதுமை இல்லாதது’ என்பதைவிடப் ‘பசையம் இல்லாதது’ என்பதே சரி. முன்னதை நம்பினால் பார்லி தப்பிவிடும்.

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பருப்பு வகைகள் எதிலும் இயல்பாகப் பசையம் இல்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு மைதா, ரவை, கோதுமை சேமியா ஆகாது என்பதும் எளிதில் புரியும். சிக்கல் பெயர்களில் இருக்கிறது. சம்பா அரிசி சாப்பிடலாம், சம்பா ரவை கூடாது, அது கோதுமை. காய்ச்சல்காரருக்குப் பரிவோடு காய்ச்சித் தரும் பார்லி கஞ்சியும் கூடாது. சத்துமாவு, பானப் பொடிகளில் மால்ட் (முளைகட்டிய தானியம்) என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் பார்லிதான். சோயா சாஸிலும் வழக்கமாகக் கோதுமை உண்டு.

எல்லாவற்றையும் விட ஒளிந்திருப்பது பெருங்காயத்தில். கடையில் வாங்கும் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பெருங்காயப் பிசினோடு கோந்தும் மைதாவும் கலந்தது. அரிசியும் பருப்பும் மட்டுமே போட்ட சாம்பார் சாதத்தில் கோதுமை நுழைவது இந்த வழியாக. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும்.

மாவு மில்லையும் மறக்கக் கூடாது. கோதுமை அரைத்த கையோடு அதே இயந்திரத்தில் நம் கேழ்வரகைக் கொட்டினால், முந்தைய மாவும் சேர்ந்தே வரும். ஓட்ஸ் விலக்கப்படுவதற்கும் பெரும்பாலும் இந்தக் கலப்பே காரணம்.

பொட்டலங்களில் பசையம் இல்லாதது என்று அச்சிட, இந்திய விதிப்படி அதன் அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தமிழில் அச்சிட்டுத் தருவது அரிது என்பதால், ஒவ்வாமைக் குறிப்பில் வீட், பார்லி, மால்ட் என்ற ஆங்கிலப் பெயர்களைத் தேடிப் படிக்கப் பழக வேண்டும்.

சீலியாக் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் உடனே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பிறகு ரத்தப் பரிசோதனை செய்தால், நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம். முதலில் மருத்துவரைப் பார்த்துப் பரிசோதனையை முடித்துவிட்டு, பிறகு நிறுத்துங்கள்.