‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தால் சந்தோஷப்படுங்கள்

மறுபடியும் ஒரு சுவரொட்டி. இந்த முறை வாட்ஸ்அப்பில் வந்தது. மேலே தொகுதி எம்.பி.யின் படம், கீழே வணிகர் சங்க நிர்வாகிகள் வரிசையாக, நடுவில் கொட்டை எழுத்தில்: ‘நமது ஊரில் விரைவு ரயில் நிற்கும்! நாடாளுமன்றத்தில் அமைச்சர் உறுதி!’ கடைத்தெருவில் லட்டு வேறு கொடுத்திருக்கிறார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அமைச்சரின் பதிலையும் கூடவே இணைத்து அனுப்பியிருந்தார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. எடுத்துப் படித்தால், ரயில்களுக்கு நிறுத்தம் அளிப்பது ஒரு தொடர் நடவடிக்கை, அது பயணிகள் எண்ணிக்கை, இயக்கச் சாத்தியம் முதலியவற்றைப் பொறுத்தது. அவ்வளவுதான். ஊரின் பெயர் கேள்வியில் இருந்தது. பதிலில் தேடினாலும் கிடைக்கவில்லை.

எம்.பி. அலுவலகங்களுக்குக் கேள்விகள் எழுதித் தருவது என் தொழில். ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் இதே கூத்தைப் பார்க்கிறேன். ஒன்றும் தராத பதிலுக்கு மாலை மரியாதை. பிடித்து உலுக்கவேண்டிய பதில் வந்தால் ‘போங்கப்பா, வழக்கமான பதில்தான்’ என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இனி கேட்பவர்களிடம் படிக்கக் கொடுப்பதற்காகவாவது இதை எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்துப்பூர்வமான கேள்வி என்பது மனு அல்ல. திரும்பவும் சொல்கிறேன், மனு அல்ல. மக்களவையில் எந்த உறுப்பினர் கொடுத்தாலும், எந்த அமைச்சகத்துக்குப் போனாலும், கேள்வியின் வாசகம் ‘அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா’ என்றுதான் தொடங்கும். தருவாரா, கட்டுவாரா, நிறுத்துவாரா என்று தொடங்காது. அதன் வேலை தகவலைப் பெறுவது. அமைச்சரின் கடமை, உள்ளதை உள்ளபடி அவையில் சொல்வது. பதிலில் உறுதிமொழி எதுவும் தராதவரை, சொன்னதோடு அந்தக் கடமை முடிந்தது. பாலமோ பஸ்ஸோ தபால் நிலையமோ அந்தப் பதிலால் மட்டுமே வந்துவிடுவதில்லை. பதில் எந்தக் கோப்புக்கும் ஒப்புதல் ஆகாது, நிதி ஒதுக்கீடு ஆகாது, அரசாணை ஆகாது. ‘நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டாரே’ என்று ரயில்வே கோட்ட மேலாளர் அலுவலகத்தில் போய்ப் பதிலின் நகலை நீட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அங்கே இருப்பவர் அதை மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்வார். வேறு என்ன செய்வார்?

கோரிக்கை வைக்க வேறு வாசல்கள் இருக்கின்றன. மக்களவை விதி 377-இன் கீழ் பிரச்சினையை எழுப்பலாம். கேள்வி நேரம் முடிந்ததும் வரும் பூஜ்ய நேரத்தில் பேசலாம். அமைச்சருக்கு நேரடியாகக் கடிதம் எழுதலாம். ரயில்வே பொது மேலாளர் எம்.பி.க்களை அழைத்துக் கூட்டும் கூட்டத்தில் வைக்கலாம். ரயில் நிறுத்தம் வேண்டுமென்றால் இவற்றைக் கேளுங்கள். கேள்வியை அதற்கு இழுக்காதீர்கள்.

இன்னொரு குழப்பம், நட்சத்திரம் பற்றியது. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20. அவற்றுக்குத்தான் அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரமில்லாத கேள்விகள் 230. அவற்றின் பதில்கள் அவையின் மேசையில் வைக்கப்படும், அவ்வளவே. உள்ளூர்ச் சேவைகள் பற்றிய கேள்விகளில் ஆகப் பெரும்பாலானவை இந்த 230-இல்தான் வருகின்றன. எனவே ‘எம்.பி. நாடாளுமன்றத்தில் முழங்கினார்’ என்று எழுதாதீர்கள். அவர் முழங்கவில்லை. தாளில் கேட்டார், தாளில் பதில் வந்தது. அதில் குறைவொன்றும் இல்லை. என்னைக் கேட்டால் முழக்கத்தைவிடத் தாள்தான் மேல். முழக்கம் மறுநாளே மறந்துபோகும். தாளை எப்போது வேண்டுமானாலும் எடுத்து நீட்டலாம்.

சரி, அந்தத் தாளை எப்படிப் படிப்பது?

‘தொடர் நடவடிக்கை’ என்று வந்தால் கையில் ஒன்றுமில்லை. ‘இத்தகைய தரவு மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை’ என்றால் கேள்வியைத் தவறாக வடிவமைத்துவிட்டோம் என்று பொருள். ரயில்வே கேள்விகளில் அடிக்கடி வரும் இன்னொன்று: ‘திட்டங்கள் மண்டல வாரியாகவே ஆய்வு செய்யப்படுகின்றன, மாநில வாரியாகவோ மாவட்ட வாரியாகவோ அல்ல.’ மாவட்டத்தின் பெயரைப் போட்டுக் கேட்டவர்களுக்கு இதுதான் கிடைக்கும். முதல் பகுதிக்கு ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு மீதி எல்லாவற்றுக்கும் ‘கேள்வி எழவில்லை’ என்று முடிப்பதும் உண்டு. ‘அரசு ஏதேனும் நடவடிக்கை எடுத்துள்ளதா, ஆம் எனில் அதன் விவரங்கள் என்ன’ என்று சோம்பலாக எழுதினால் அந்த முடிவைக் கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

இப்போது மக்கள் வெறுக்கும் பதிலுக்கு வருகிறேன். ‘இப்பொருள் அரசின் பரிசீலனையில் உள்ளது.’ ‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்.’ இதைப் பார்த்ததும் எல்லோரும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஆனால் இந்த வகை வாசகங்கள் அவைக்கு அளித்த உறுதிமொழிகளாகவே கொள்ளப்படுகின்றன. அப்படி எவையெவை உறுதிமொழி ஆகும் என்பதற்குப் பட்டியலே இருக்கிறது. நாடாளுமன்ற விவகார அமைச்சகம் நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து இவற்றைத் தனியே பிரித்தெடுத்துச் சம்பந்தப்பட்ட அமைச்சகத்துக்கு அனுப்பும். அவையில் பதில் தந்த நாளிலிருந்தே மூன்று மாதக் கணக்கு ஓடும். அதற்குள் நிறைவேற்றி, நிறைவேற்றல் அறிக்கையை மேசையில் வைக்கவேண்டும். முடியாவிட்டால் கூடுதல் அவகாசம் கேட்கவேண்டும். இதைக் கவனிப்பதற்கென்றே மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மாநிலங்களவைக்கும் தனிக் குழு உண்டு. குழு அமைச்சக அதிகாரிகளை அழைத்து ‘ஏன் இன்னும் முடியவில்லை’ என்று கேட்கும்.

ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கும் உறுதிமொழிகளும் உண்டுதான். உறுதிமொழியைக் கைவிட அனுமதிக்கும்படி அமைச்சகங்கள் குழுவிடம் கேட்பதும் உண்டு. இருந்தாலும், கேட்டு வாங்கவேண்டிய நிலைக்கு அவர்கள் வந்திருக்கிறார்கள் அல்லவா? ‘தொடர் நடவடிக்கை’ என்று எழுதியவர் யாரிடமும் எதையும் கேட்கவேண்டியதில்லை. அனுபவமுள்ள அதிகாரிகள் ‘பரிசீலனை’ என்ற பேச்சையே தவிர்த்துப் பதில் எழுதுவது இதனால்தான். அப்படியும் அது பதிலில் வந்துவிட்டால், உங்களுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது. தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து எம்.பி. அலுவலகத்துக்குப் போய் ‘நிறைவேற்றல் அறிக்கை வந்ததா’ என்று கேளுங்கள். இதைக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை என்று சொல்லலாம்.

கேள்விக்கு விஷயம் கொண்டுவருபவர்களுக்கும் சில வார்த்தைகள்.

தென்மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து சிலர் வந்தார்கள். ரயில்வே கேட்டை மூடிவிட்டுச் சுரங்கப்பாதை கட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தண்டவாளத்தைத் தாண்டிப் போகிறார்கள். ‘தண்ணீர் தேங்குவதைத் தடுக்க அரசு நடவடிக்கை எடுக்குமா என்று கேளுங்கள்’ என்றார்கள். இதை அப்படியே கேட்டால் வரும் பதிலை நான் தூக்கத்திலேயே எழுதிவிடுவேன்: தேவைப்படும்போது மோட்டார் வைத்து நீர் இறைக்கப்படுகிறது.

“பாலம் எண் என்ன, அய்யா?” என்று கேட்டேன்.

“எங்கள் ஊர்ப் பாலம் என்றால் எல்லோருக்கும் தெரியும் சார்.”

டெல்லியில் யாருக்கும் தெரியாது. நல்லவேளையாக, கூட வந்திருந்த கல்லூரிப் பையனின் கைப்பேசியில் ஒரு படம் இருந்தது. தண்ணீர் நின்ற கோடு பாசியாய்ப் படிந்த சுவர், அதற்கு மேலே வெள்ளைப் பெயிண்டில் பாலத்தின் எண். ரயில்வே பாலங்களில் எண் எழுதியிருக்கும். தினமும் அந்த வழியே போகிறவர்கள்தான் பார்ப்பதில்லை. அந்த எண்ணைப் போட்டு, கேள்வியை இப்படி மாற்றினோம். (அ) கடந்த மூன்று ஆண்டுகளில் மழைநீர் தேங்கியதால் அந்தச் சுரங்கப்பாதை மூடப்பட்ட நாட்கள் எத்தனை. (ஆ) அங்கே நிறுவப்பட்டுள்ள மோட்டாரின் திறன் என்ன, அதை இயக்கும் பொறுப்பு யாருடையது. (இ) வடிகாலுக்கு ஒதுக்கப்பட்ட தொகையும் ஆண்டு வாரியாகச் செலவான தொகையும் எவ்வளவு. (ஈ) வடிகால் ரயில்வே எல்லைக்கு வெளியே செல்லவேண்டியிருந்தால், அது குறித்து மாநில அரசுக்கு எழுதிய கடிதங்களின் தேதிகள் என்ன. (உ) பணி எப்போது முடிக்கப்படும்.

150 சொற்களுக்குள் முடித்தாயிற்று. மக்களவை விதி 41 சாதாரணமாக அனுமதிப்பது அவ்வளவுதான். வாதம், ஊகம், கிண்டல், அடைமொழி எதற்கும் கேள்வியில் இடமில்லை. ‘மக்கள் விரோத’, ‘அலட்சியப் போக்கு’ என்றெல்லாம் எழுதிக் கொண்டுவருகிறீர்களே, முதலில் நான் அடிப்பது அவற்றைத்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கையும் கேட்க முடியாது, ஆகவே வழக்குப் போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பதிலில் மூடப்பட்ட நாட்களின் கணக்கு வரவில்லை. ஆனால் (ஈ)-க்கு வந்தது: வாய்க்கால் ஊராட்சி நிலத்தின் வழியே செல்லவேண்டும், மாவட்ட நிர்வாகத்திடம் இடம் கேட்டுக் கடிதம் அனுப்பப்பட்டிருக்கிறது, தேதி இது. அதுவரை ரயில்வே அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தவர்களுக்கு, கோப்பு ஆட்சியர் அலுவலகத்தில் தூங்குகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளுக்கு அந்தக் கடிதத் தேதியோடு போனார்கள். ஒரு நல்ல கேள்வியால் கிடைக்கக்கூடியது இதுதான், கோப்பு இருக்கும் இடத்தின் முகவரி.

நேரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ‘திங்கட்கிழமை கூட்டத்தொடர் தொடங்குகிறது, செவ்வாய்க்கிழமை கேட்டுவிடுங்கள்’ என்று வெள்ளிக்கிழமை இரவு போன் செய்யாதீர்கள், தயவுசெய்து. பதினைந்து முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் உண்டு. கொடுத்த நோட்டீஸ்கள் குலுக்கலுக்குப் போகும். குலுக்கலில் பின்னால் போனால் கேள்வி வராது. அதற்கு எம்.பி.யைத் திட்டிப் பயனில்லை.

ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் மக்களவைச் செயலகம் ஒன்றாகச் சேர்த்து எல்லார் பெயரையும் மேலே போட்டுவிடும். அதில் முதல் பெயரை மட்டும் வட்டமிட்டு ‘இவர்தான் கேட்டார்’ என்பதும், ‘நம்மவர் பெயர் ஐந்தாவதாக இருக்கிறது’ என்று குறைசொல்வதும் ஒன்றுபோல அசட்டுத்தனம். எத்தனை கேள்வி கேட்டார் என்று எண்ணி எம்.பி.க்குத் தரவரிசை போடும் வழக்கத்தைப் பற்றி நான் பேசாமல் இருப்பதே நல்லது. எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகவே எழுதப்படும் கேள்விகள் எப்படிப்பட்டவை என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ரேஷன் கடை, நகரப் பஸ், ஆரம்ப சுகாதார நிலையம், தெருவிளக்கு இவற்றையும் எம்.பி.யிடம் கொண்டுவருகிறார்கள். டெல்லியில் கேட்டால் ‘இது மாநில அரசின் பொறுப்பு’ என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவற்றுக்கு எம்.எல்.ஏ. இருக்கிறார், சட்டமன்றத்திலும் கேள்வி நேரம் இருக்கிறது. தெருவிளக்குக்கு அதுவும் வேண்டாம், வார்டு உறுப்பினர் போதும். மத்திய நிதியில் மாநிலம் செய்யும் பணிகள், உதாரணமாக ஜல் ஜீவன் குடிநீர் இணைப்பு, நடுவில் நிற்பவை. அவற்றுக்கு எம்.பி. தலைமையில் மாவட்டத்தில் கூடும் திஷா கண்காணிப்புக் குழுவில் கேட்டால் டெல்லிப் பதிலைவிடச் சீக்கிரம் விவரம் கிடைக்கும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ‘உங்கள் ஊர்ப் பிரச்சினையைக் கேட்க வைக்கிறேன், கொஞ்சம் செலவாகும்’ என்று யாராவது வந்தால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி நீக்கப்பட்டார்கள். மக்களவையில் பத்துப் பேர், மாநிலங்களவையில் ஒருவர். கேள்விகளைப் பதிவுசெய்யும் இணையக் கணக்கின் கடவுச்சொல்லை வெளியாளிடம் கொடுத்த விவகாரத்தில் 2023 டிசம்பரில் மக்களவை உறுப்பினர் ஒருவர் பதவி நீக்கப்பட்டார். ‘நீங்களே உள்ளே போய்ப் போட்டுவிடுங்கள்’ என்று கடவுச்சொல்லை என்னிடம் நீட்டும் உதவியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் வரைவை மின்னஞ்சலில் அனுப்புவேன். பதிவு செய்வது உறுப்பினரின் வேலை.