கடும்பனிக்காலத்துக்குப் பின் மியூல் மான் வேட்டைக்குத் திட்டமிடுவோர் கவனத்துக்கு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் காட்டுயிர் மருத்துவப் பணியில் இருப்பதால், மியூல் மான் (மேற்கு வட அமெரிக்காவில் வாழும், பெரிய காதுகள் கொண்ட மான் இனம்) வேட்டைக்குச் செல்லும் நண்பர்கள் கோடை தொடங்கியதும் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "போன வருடம் அந்தச் சரிவில் நல்ல ஆண் மான்களைப் பார்த்தோம், இந்த வருடமும் அங்கேயே போகலாமா?" (இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்கிறது, இங்கோ அது உரிமம் பெற்றுச் செய்யும் செயல், உரிமக் கட்டணம் காட்டுயிர்த் துறைக்கு முக்கிய வருவாய்.) கடும்பனிக்குப் பிந்தைய ஆண்டில் இந்தக் கேள்விக்கான விடை அந்தச் சரிவில் கிடைக்காது.

2022-23 பனிக்காலத்தில் மேற்கு வயோமிங்கின் வயோமிங் மலைத்தொடரில் நடந்ததைப் பாருங்கள். ஆய்வாளர்கள் ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிக் கண்காணித்துவந்த வளர்ந்த பெட்டை மான்களில் சுமார் 70 விழுக்காடு இறந்துபோயின. பட்டை மாட்டிய குட்டிகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ஆனால் ஜூலையில் அதே மலைக்குப் போனவர்கள் கண்டதெல்லாம், பனி உருகிய ஈரத்தில் இடுப்பளவு வளர்ந்து நின்ற புல்லும் பூவும்தான்.

மான்கள் சாவது மலைமேல் அல்ல. இலையுதிர்காலத்தில் அவை தாழ்வான சேஜ்பிரஷ் புதர்நிலங்களுக்கு இறங்கிவிடுகின்றன. வயோமிங்கின் தாழ்நிலமான ரெட் டெசர்ட்டிலிருந்து ஹோபேக் மலைப்பகுதி வரை வலசை போகும் கூட்டம் ஒருவழியில் மட்டுமே ஏறத்தாழ 240 கி.மீ. நடக்கிறது. அந்தத் தாழ்நிலங்களில் பனி ஆழமாக விழுந்து, அதன் மேற்பரப்பு உருகி மீண்டும் உறைந்து பொருக்குத் தட்டிவிட்டால், தீனியான புதரையும் எட்ட முடியாது, ஒவ்வோர் அடிக்கும் கால் புதைந்து உடலிலுள்ள கொழுப்பும் கரைகிறது. மார்ச், ஏப்ரலில் கிடக்கும் சடலங்களின் தொடையெலும்பை உடைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம்: நல்ல நிலையிலுள்ள மானின் மஜ்ஜை வெண்மையாக, மெழுகுபோல் கெட்டியாக இருக்கும், பட்டினியில் செத்ததன் மஜ்ஜை சிவந்து, கொழகொழவென்று வழியும். குட்டிகளுக்குச் சேமிப்புக் கொழுப்பு குறைவு என்பதால் அவையே முதலில் விழுகின்றன. நவம்பர் இனச்சேர்க்கைப் பருவத்தில் தீனியை மறந்து அலைந்த பெரிய ஆண் மான்களும் மெலிந்தே பனிக்குள் நுழைகின்றன.

எனவே திட்டமிடுவோர் முதலில் பார்க்க வேண்டியது, தாம் போகும் மலையின் மான்கள் எங்கே பனிக்காலத்தைக் கழிக்கின்றன என்பதை. ஒரே சரிவில் கோடையைக் கழிக்கும் மான்கள் வெவ்வேறு தாழ்நிலங்களுக்குப் பிரிந்து செல்வதும் உண்டு; ஒன்றில் பேரழிவும் மற்றதில் சாதாரண இழப்பும் நேர்ந்திருக்கலாம். காட்டுயிர்த் துறையில் அந்தப் பகுதிக்குரிய உயிரியலாளரைத் தொலைபேசியில் அழைத்து, நூறு பெட்டைக்கு எத்தனை குட்டி, எத்தனை ஆண் என்று பனிக்காலக் கணக்கெடுப்பு சொல்வதைக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அவர்கள் சொல்வார்கள்.

அடுத்தது, பலர் மறந்துவிடும் வயதுக் கணக்கு. 2022 ஜூனில் பிறந்தவை ஏறக்குறைய ஒட்டுமொத்தமாக இறந்ததால் 2023-இல் ஓராண்டு ஆண் மான்கள் அங்கே அரிதாயின. அந்த வெற்றிடம் அதோடு முடியாது, ஆண்டுதோறும் ஒரு வயது கூடி நகர்கிறது; 2027-இல் ஐந்து வயது ஆண் மானைத் தேடுபவருக்கும் அது தட்டுப்படும். முதல் ஆண்டில் கண்ணில் படும் முதிர்ந்த ஆண் மான்கள் பிழைத்த சிலவே என்பதால், அவற்றைக் கண்டு மந்தை நலமாக இருப்பதாக முடிவுகட்டுவது தவறு.

மற்றவை வழக்கமான ஏற்பாடுகள்தாம். மான் குறைந்தால் நடை கூடும், ஆகவே உணவையும் நாட்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். இறைச்சியைக் குளிர்ச்சியாக வெளியே கொண்டுவரும் வழியைச் சுடுவதற்கு முன்பே தீர்மானியுங்கள். உரிம எண்ணிக்கையும் பருவத் தேதிகளும் கடும்பனிக்குப் பின் மாற்றப்படுவதால் பழைய அட்டவணையை நம்பக் கூடாது. வயோமிங்கில் வனாந்தரப் பகுதி என்று கூட்டரசு அறிவித்த இடங்களில், வெளிமாநிலத்தவர் உரிமம் பெற்ற வழிகாட்டியோ அனுமதி பெற்ற உள்மாநிலத் துணையோ இல்லாமல் மான் வேட்டையாட முடியாது. உயிரியலாளர் சொல்லும் எண்கள் மோசமாக இருந்தால், அந்த ஆண்டு உரிமத்துக்கு விண்ணப்பிக்காமல், பிந்தைய ஆண்டுகளின் உரிமக் குலுக்கலில் வாய்ப்பைக் கூட்டும் முன்னுரிமைப் புள்ளியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளவும் வெளிமாநிலத்தவருக்கு அங்கே வழி இருக்கிறது. என்னைக் கேட்பவர்களுக்கு நான் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறேன்.