‘மாற்றத்துக்கு ஒத்துவராதவர்’ என்று எழுதுமுன்

யாழ்ப்பாணத்தில் ‘சொன்ன சொல் மாறாதவர்’ என்றால் அது பாராட்டு. கலியாணம் பேசும்போதும் கடன் கொடுக்கும்போதும் விசாரிக்கிற குணம். ஆனால் மாற்றத்தை எதிர்க்கும் இயல்பை அளக்கும் வினாக்கொத்தில் ‘என் கருத்துகள் காலம் போனாலும் மாறுவதில்லை’ என்ற கூற்றை ஒருவர் ஏற்றால் அவருடைய எதிர்ப்புப் புள்ளி ஏறும். நேர்மையைச் சொல்ல நினைத்தவர் பிடிவாதக்காரராகப் பதிவாகிறார்.

இந்த வினாக்கொத்தை ஷாவுல் ஓரெக் என்ற ஆய்வாளர் 2003இல் வெளியிட்டார். 17 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை புள்ளி, நடுப்புள்ளி இல்லை. வழமையை நாடுதல், மாற்றம் வரும்போது எழும் பதற்றம், உடனடிச் சிரமத்தையே பார்த்தல், சிந்தனை இறுக்கம் என நான்கு பக்கங்களை அது அளக்கிறது. 2008இல் அவரும் சக ஆய்வாளர்களும் 17 நாடுகளில், 13 மொழிகளில் சோதித்து, அளவுகோல் எங்கும் ஒரே பொருளைத் தருகிறது என்று காட்டினார்கள். அந்த மொழிகளில் தமிழ் இல்லை. ஆகவே அவசரமாகச் செய்த ஒரு தமிழாக்கத்துக்கு அந்த முடிவு சான்றாகாது.

மொழிபெயர்ப்பில்தான் முதல் சறுக்கல். ஆசிரியரிடமோ அரச உத்தியோகத்தரிடமோ ‘வேலையில் மாற்றம்’ என்றால் இடமாற்றம்தான் நினைவுக்கு வரும். ‘வேலை செய்யும் முறையில் மாற்றம்’ என்று விரித்து எழுதுங்கள். ‘மன அழுத்தம்’ பலருக்கு நோயின் பெயராகக் கேட்கிறது. ‘அந்தரமாக இருக்கும்’ என்றால் உடனே விளங்கும். அதே சொல் சென்னையில் விளங்காது என்பதால் அங்கே செய்த படிவத்தை இங்கே அப்படியே எடுக்க முடியாது. இருவர் தனித்தனியே தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். பிறகு எட்டுப் பத்துப் பேரிடம் ஒவ்வொரு கூற்றையும் வாசித்து, ‘இதை என்னவென்று விளங்கினீர்கள்?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் தவிர்க்கப்படுவது இந்தக் கடைசிப் படிதான். பிழைகள் அகப்படுவதும் அங்கேதான்.

சில கூற்றுகள் எதிர்த்திசையில் அமைந்தவை; அவற்றை ஏற்பது எதிர்ப்புக் குறைவைக் காட்டும். அவற்றின் புள்ளியை 7இலிருந்து கழிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ‘ஓம்’ போடுபவரின் விடைகள் அங்கே ஒன்றோடொன்று முரண்படும், கூற்றுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நம்பகத்தன்மைக் கெழுவும் விழும். அதற்காக அந்தக் கூற்றை வெட்டுமுன், தாளைக் கொடுத்து வாங்கியது யார் என்று பாருங்கள். மேலதிகாரி பார்த்துக்கொண்டு நின்றால் ‘ஓம்’ கூடும். வாய்மொழியாகக் கேட்பதானால் முதலில் ஓமா இல்லையா, பிறகு எவ்வளவுக்கு என்று இரண்டு படியாகக் கேட்பது நல்லது.

இன்னொன்றை மிகுந்த கவனத்தோடு சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தவர்களுக்கு, திட்டம் திடீரென மாறும்போது நெஞ்சு பதறுவது சுபாவமாக இல்லாமல் அனுபவமாக இருக்கலாம். வினாக்கொத்து இரண்டையும் பிரித்துக் காட்டாது. அந்த இடப்பெயர்வை வளர்ந்தவர்களாகக் கண்டோரையும் அதற்குப் பின் பிறந்தோரையும் ஒரே குவியலாகக் கணக்கிட வேண்டாம்.

ஒரு நிறுவனத்தின் கொழும்புக் கிளையை விட யாழ்ப்பாணக் கிளையின் சராசரி கூட என்று அறிக்கை எழுதுமுன் மூன்று சோதனைகளை ஒழுங்காகக் கடக்க வேண்டும்: இரு குழுவிலும் அதே நான்கு பக்கங்கள் தெரிகின்றனவா, கூற்றுகள் அவற்றோடு ஒரே வலுவில் இணைகின்றனவா, ஒரே அளவு இயல்புடைய இருவர் ஒரே புள்ளியைப் போடுகிறார்களா. ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கணிப்பு மாதிரி விடைகளுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஒப்பீட்டுப் பொருத்தச் சுட்டி (CFI) 0.01க்கு மேல் இறங்கினால் அந்தப் படி தேறவில்லை என்று கொள்வது வழக்கம். குழுவுக்கு 200 பேராவது இல்லாவிட்டால் இந்தக் கணிப்பு தள்ளாடும். ‘சொல் மாறாமை’ போன்ற கூற்று மூன்றாம் படியில்தான் சிக்கும். அது சிக்கினால் சராசரிகளை ஒப்பிட வேண்டாம். இரண்டாம் படி தேறியிருந்தால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் உள்ள தொடர்புகளை ஒப்பிடலாம்.

தனியாள் விடயத்தில் மொத்தப் புள்ளியை விட நான்கு பக்கங்களும் தனித்தனியே பயன் தரும். பதற்றம் கூடியவருக்கு முன்கூட்டியே, சிறிது சிறிதாகச் சொல்லுங்கள். உடனடிச் சிரமத்தைப் பார்ப்பவருக்குப் பயிற்சி வாரத்தில் வேலைச் சுமையைக் குறையுங்கள். ஆனால் அந்தப் புள்ளியை அவருடைய சுயவிவரக் கோவையில் போட வேண்டாம். பதவி உயர்வு பேசும் நாளில் அதை எடுத்து வாசிப்பவருக்கு இந்த விளக்கம் எதுவும் தெரிந்திருக்காது.