மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்குங்கள்

நாகர்கோவிலில் நான் பேத்தாலஜிஸ்ட். நோயாளியின் முகத்தைப் பார்ப்பது எனக்கு அபூர்வம். அவர் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துண்டுதான் என் மேசைக்கு வரும். நுரையீரலில் ஊசி போட்டு எடுக்கும் துண்டு ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தாலே சந்தோஷப்படுவேன். இடியாப்ப இழையைவிட மெலிசாக இருக்கும். அதை ஃபார்மலின் என்ற திரவத்தில் பதப்படுத்தி, மெழுகில் புதைத்து, தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு கட்டியாக்கி வைப்போம். 'பிளாக்' என்போம். நுரையீரல் புற்றுநோய்க்கு என்ன சிகிச்சை என்பதை இன்று பெரும்பாலும் இந்தக் கட்டிதான் முடிவு செய்கிறது. பல குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மலையோரத்திலிருந்து ஓர் அம்மாவின் துண்டு வந்தது. மாதக்கணக்கில் இருமல், எக்ஸ்ரேயில் நிழல். சளியில் கிருமி இல்லை. ஆனாலும் ஓரிடத்தில் டிபி மாத்திரை தொடங்கி, அது முடியும்வரை காத்திருந்திருக்கிறார்கள். நிழல் பெரிதான பிறகுதான் பயாப்ஸி, அதாவது சதைத் துண்டு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை. நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. நம் நாட்டில் டிபி அதிகம், சந்தேகப்பட்டது தவறில்லை. ஆனால் கிருமி தெரியாமல் தொடங்கிய மருந்தில் நிழல் குறையவில்லை என்றால் சீக்கிரமே சி.டி. ஸ்கேனும் பயாப்ஸியும் பார்த்திருக்க வேண்டும். ரிப்போர்ட் வாங்க வந்த மகன் கேட்டார்: "எங்க அம்மை பீடிப் புகை பட்டாலே மூக்கைப் பொத்துவா டாக்டரே. அவளுக்கு எப்படி இது வந்துச்சு?"

நுரையீரல் புற்றுநோய்க்குப் பெரிய காரணம் புகைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் புகைக்காதவர்களுக்கும் வரும். அவர்களில் பலருக்கு வருவது அடினோகார்சினோமா என்ற வகை. அதில்தான் மருந்தால் குறிவைக்கக்கூடிய ஜீன் மாற்றங்கள் அதிகம் கிடைக்கின்றன. இந்தியாவில் இந்த வகை உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் அல்லது மூன்றில் ஒருவருக்கு ஈஜிஎஃப்ஆர் என்ற ஜீனில் மாற்றம் இருக்கிறது. தொட்டி நிறைந்த பிறகும் நிற்காமல் ஓடும் மோட்டார் மாதிரி, வளரச் சொல்லும் கட்டளை செல்லுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஜெஃபிடினிப், எர்லோடினிப், ஆஸிமெர்டினிப் போன்ற மாத்திரைகள் அந்த மோட்டாரை நிறுத்துபவை. இதைவிடக் குறைவான பேருக்கு ஏஎல்கே என்ற ஜீன் இடம் மாறி ஒட்டியிருக்கும். அதற்கு அலெக்டினிப், லோர்லாடினிப் என்று வேறு மருந்துகள். ராஸ்1, ரெட், மெட், பிராஃப் என்று ஜீன்களின் பட்டியல் நீள்கிறது.

பலன் சின்னதல்ல. 2018-ல் வெளிவந்த ஃப்ளாரா ஆய்வில், ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவர்களுக்கு ஆஸிமெர்டினிப் சராசரியாக 18.9 மாதம் நோயை அடக்கி வைத்தது. பழைய மாத்திரைகள் 10.2 மாதம்.

"அப்படியென்றால் அந்த மாத்திரையையே எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று மருந்துக் கடையில் விசாரிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது 2009-ல் வெளிவந்த ஐபாஸ் ஆய்வைத்தான். கிழக்காசிய நாடுகளில், புகைக்காத அல்லது மிகக் குறைவாகப் புகைத்த அடினோகார்சினோமா நோயாளிகளிடம் நடந்தது. ஆளைப் பார்த்தால் எல்லாருக்கும் ஜெஃபிடினிப் கேட்கும் என்றுதான் தோன்றும். ஆனால் ஜீன் மாற்றம் இல்லாதவர்களுக்கு அது வெறும் ஒன்றரை மாதம்தான் நோயைத் தடுத்தது. அதே வகை ஆட்களுக்குக் கீமோ ஐந்தரை மாதம் தடுத்தது. ஆளைப் பார்த்து ஊகித்தால் நஷ்டம் நோயாளிக்கு. கட்டியைப் பார்த்துத்தான் மருந்து.

அதனால்தான் துண்டு வரும் விதத்தில் எனக்கு அவ்வளவு கவலை. ஒருமுறை ஓரிடத்திலிருந்து வந்த பாட்டிலில் ஃபார்மலினுக்குப் பதிலாக சலைன் (உப்புநீர்) இருந்தது. அனுப்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. துண்டு குழைந்து, செல்கள் அழிந்து, ஜீன் டெஸ்ட் இருக்கட்டும், நோய் என்ன என்றே சொல்ல முடியவில்லை. அந்தப் பெரியவருக்கு மறுபடியும் ஊசி போட வேண்டியதாயிற்று. நோய் பரவிய எலும்பிலிருந்து எடுத்த துண்டென்றால் இன்னொரு சிக்கல். எலும்பை மென்மையாக்கப் போடும் அமிலம் டிஎன்ஏவையும் சிதைத்துவிடும். ஜீன் டெஸ்ட் தேவைப்படலாம் என்று முன்கூட்டியே சொன்னால் நாங்கள் வேறு முறையில் செய்வோம்.

ஜீன் ரிசல்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். வீட்டில் ஒரு நாளும் நகராது, தெரியும். மூச்சுத்திணறல் கடுமையாக இருந்தால் டாக்டர் காத்திருக்க மாட்டார், கீமோ தொடங்கத்தான் வேண்டும். அப்படி அவசரம் இல்லையென்றால், தொடங்குவதற்கு முன் "ஜீன் டெஸ்டுக்கு அனுப்பியாச்சா?" என்று கேளுங்கள். துண்டு போதவில்லை என்றால் ரத்தத்தில் பார்க்கும் டெஸ்டும் இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் ஜீன் மாற்றம் இல்லை என்று வந்தால் நுரையீரல் கட்டியிலும் இல்லை என்று ஆகிவிடாது.

செலவு பெரிய பயம். ஜெஃபிடினிப்பை இந்திய நிறுவனங்களே தயாரிப்பதால் விலை வெகுவாக இறங்கியிருக்கிறது. ஆஸிமெர்டினிப்புக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்கவரி நீக்கப்பட்டது. இன்னும் விலை கூடுதல்தான். முதல்வர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போய், எது கிடைக்கும் என்று மருத்துவமனையிலேயே விசாரியுங்கள்.

மாத்திரை தொடங்கியவர்கள் வீட்டில் ஒன்றைப் பாருங்கள்: கேஸ் மாத்திரை. நம் ஊரில் காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல் போடுவது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. ஜெஃபிடினிப், எர்லோடினிப் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தைக் குறைத்தால் மருந்தும் குறையும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு டாக்டரிடம் காட்டுங்கள். முகத்தில் பரு, நக ஓரத்தில் புண், வயிற்றுப்போக்கு வரலாம், சமாளிக்க வழியுண்டு. புதிதாக மூச்சு வாங்கினால் மட்டும் அன்றே போய்விட வேண்டும்.

அந்த மகன் இன்னொன்றும் கேட்டார், குரலைத் தாழ்த்தி. தங்கைக்கு வரன் பார்க்கிறார்களாம். ஜீன் என்று ரிப்போர்ட்டில் வந்தால் பரம்பரை நோய் என்று பேசுவார்களே? இந்த மாற்றம் அம்மாவின் நுரையீரலில் ஒரு செல்லில், அவர் பிறந்து வளர்ந்த பிறகு வந்தது. பிள்ளைகளுக்குக் கொடுத்ததல்ல. பரம்பரையாக வருவது மிக மிக அரிது. இதைச் சொன்னதும் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அம்மாவைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னார். இந்த மெழுகுக் கட்டி அங்கேயும் வேண்டியிருக்கும் என்பதால் பிளாக்கைக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். மெழுகு என்பதால் வெயிலில் நிற்கும் காரில் வைக்க வேண்டாம், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சோற்றுப் பாத்திரம் வைக்கும் துணிப்பையில் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு, வடசேரி பஸ் நிலையத்துக்கு நடந்தார்.