செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்: அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு எது எங்கே கிடைக்கும்?

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் வீடு கேரளத்திலும், ஆஸ்பத்திரி கோவையிலோ பொள்ளாச்சியிலோ, சம்பந்தம் இரண்டு பக்கமும் என்றிருப்பது சகஜம். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் இதுவே தலைவலியாகிவிடும். இங்கே கேட்டால் அங்கே போகச் சொல்வார்கள், அங்கே கேட்டால் இங்கே திருப்பி அனுப்புவார்கள். இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு பக்கத்து எஸ்டேட் குடும்பங்களுக்கும் இதே கதைதான். ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும்: மத்தியச் சட்டம் தரும் உரிமைகள் எல்லையைத் தாண்டிச் செல்லும். மாநில அரசு தரும் பணமோ ரேஷன் கார்டு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் முதல் காகிதம் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு மூன்றும் அதில் தனித்தனியாக இருக்கின்றன. இந்தச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று அதே சட்டத்தின் 58ஆவது பிரிவு சொல்கிறது. எனவே பாலக்காட்டில் வாங்கியதைக் கோவையிலும், கோவையில் வாங்கியதைப் பாலக்காட்டிலும் ஏற்க மறுக்க முடியாது. எங்கே விண்ணப்பிப்பது என்பதிலும் 2017ஆம் ஆண்டு விதிகள் தாராளமாகவே இருக்கின்றன. வசிக்கும் மாவட்டத்தில் கேட்கலாம். அந்தக் குறைபாட்டுக்காகச் சிகிச்சை பெறும், அல்லது முன்பு பெற்ற, அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம். பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் வசித்தாலும் பிள்ளையைப் பல ஆண்டுகளாகக் கோவை அரசு மருத்துவமனையில் காட்டிவருகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வழி உதவும். கவுண்டரில் எல்லோருக்கும் இந்த விதி தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பழைய ஓ.பி. சீட்டுகளையும் மருந்துச் சீட்டுகளையும் தூக்கிப் போடாமல் ஒரு பைலில் போட்டு வையுங்கள். அங்கே உங்கள் வாதம் அதுதான். விண்ணப்பம் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளம் வழியாகப் போகிறது. அதில் கிடைக்கும் தனித்துவ அடையாள அட்டையும் (யு.டி.ஐ.டி.) நாடு முழுமைக்கும் பொது.

பலர் சறுக்குவது பெயரில். தமிழ்நாட்டுப் பாணியில் தந்தையின் முதலெழுத்து பெயருக்கு முன்னால் இருக்கும். கேரளத்துப் பள்ளிப் பதிவிலோ அது பெயருக்குப் பின்னால் போயிருக்கும், சில சமயம் வீட்டுப்பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆதாரில் மூன்றாவதாக ஓர் எழுத்துக்கூட்டு. விண்ணப்பிப்பதற்கு முன்பே ஆதாரைச் சரிசெய்துவிடுங்கள். பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

மதிப்பீட்டு நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புத்திக்கூர்மைச் சோதனையோடு, அன்றாட வாழ்க்கையைப் பிள்ளை எப்படிச் சமாளிக்கிறது என்று உளவியலாளர் தாயிடமோ தந்தையிடமோ கேட்பார். தானாகச் சாப்பிடுவானா, சட்டைப் பொத்தான் போடுவானா, கடைக்குத் தனியாகப் போய்ச் சரியாகச் சில்லறை வாங்கி வருவானா என்று கேள்விகள் நீளும். இங்கேதான் தாய்மாருக்கு மானம் குறுக்கே வருகிறது. "எல்லாம் செய்வான் சார்" என்று சொல்லிவிடுவார்கள். காலையில் மேல் பொத்தான் இரண்டை மட்டும் அவன் போடுகிறான், மீதியை அம்மா போடுகிறார், சட்டை திருப்பிப் போட்டிருந்தாலும் அவனுக்குத் தெரியாது. கேட்டவர் குறித்துக்கொள்வதோ "தானாக உடுத்துவான்" என்பதை. சதவீதம் கணக்கிடப்படுவது இந்தப் பதில்களை வைத்துத்தான். லேசான அறிவுசார் குறைபாடு என்று வந்தால் 50 சதவீதம், மிதமானது என்றால் 75, கடுமையானது என்றால் 90. குறைபாட்டின் விளிம்பில் நிற்கும் எல்லைக்கோட்டு நிலைக்கு 25 சதவீதம்தான். பெரும்பாலான சலுகைகள் 40 சதவீதத்தில்தான் தொடங்குகின்றன. கூட்டியும் சொல்ல வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நேற்றுக் காலையில் வீட்டில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

சோதனை எந்த மொழியில் நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் குழந்தையிடம் மலையாளத்தில் கேள்வி கேட்டால் வாய் திறக்காது. குழந்தை தமிழ்தான் பேசும் என்று முதலிலேயே சொல்லித் தமிழ் தெரிந்தவரைக் கேளுங்கள். எல்லைப்புறப் பள்ளிகளில் இதன் மறுபக்கமும் உண்டு. மலையாள வழியில் சேர்ந்த தமிழ்ப் பிள்ளை மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தடுமாறினால் அது கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம், வெறும் மொழிச் சிக்கலாகவும் இருக்கலாம். தமிழிலும் படிக்கவைத்துப் பார்க்காமல் முடிவு கட்ட விடாதீர்கள்.

கற்றல் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளைகளுக்குச் சலுகைகள் பெரும்பாலும் படிப்போடும் தேர்வோடும் சேர்ந்தவை: கூடுதல் நேரம், எழுதித்தர ஆள், உயர்கல்வி இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத ஒதுக்கீடு, அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு. போட்டித் தேர்வுகளில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டின் மத்திய வழிகாட்டுதல். மாதப் பணத்தையோ, பின்னால் வரும் நிராமயா காப்பீட்டையோ இதற்கு எதிர்பார்க்க வேண்டாம்.

இனி மாநிலப் பணம். கேரளப் பக்கம் ரேஷன் கார்டு இருந்தால் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்குப் பஞ்சாயத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் 1,600 ரூபாயாக இருந்தது 2025 நவம்பரில் 2,000 ஆனது. வேலைக்குப் போக முடியாமல் கூடவே இருந்து பார்த்துக்கொள்பவருக்கு ஆஸ்வாசகிரணம் என்று மாதம் 600 ரூபாய் தனியாக ஒரு திட்டம் உண்டு. ஆனால் அந்தப் பணத்தை நம்பி மாதக் கணக்குப் போடாதீர்கள். நிலுவை விழுவது சாதாரணம்.

பணத்தைவிடக் கேரளப் பக்கத்தில் நான் பெரிதாக நினைப்பது பட்ஸ் பள்ளிகளை. கேரள அரசின் மகளிர் குழுத் திட்டமான குடும்பஸ்ரீயின் துணையோடு உள்ளாட்சிகளே நடத்தும் இவற்றில் முதலாவது 2004இல் திருவனந்தபுரம் மாவட்டம் வெங்ஙானூரில் தொடங்கியது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பள்ளி, மேற்பட்டவர்களுக்குப் பட்ஸ் மறுவாழ்வு மையம். பதினெட்டு முடிந்த பிள்ளை நாள் முழுவதும் திண்ணையில் உட்கார்ந்திருக்க, அம்மாவும் வேலைக்குப் போக முடியாமல் கூடவே உட்கார்ந்திருப்பதுதான் பல வீடுகளின் நிலைமை. பகலில் சில மணி நேரம் போய்வர ஓர் இடம் இருப்பது இருவருக்குமே பெரிய விடுதலை. உங்கள் பஞ்சாயத்தில் இல்லாவிட்டால் பக்கத்துப் பஞ்சாயத்தில் விசாரியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்று கூட்டும் சிறப்புக் கிராமசபையில் எழுந்து கேளுங்கள். மெம்பரிடம் காதோடு சொன்னது மினிட் புத்தகத்தில் ஏறாது.

மலையாளத்தில் எழுதத் தெரியாது என்று ஒதுங்கவும் தேவையில்லை. சித்தூர், தேவிகுளம், பீர்மேடு போன்ற மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனு எழுதலாம். பதிலும் தமிழில் தர வேண்டும் என்பது கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969 தரும் உரிமை.

தமிழ்நாட்டுக் கார்டு உள்ளவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்தான் முதல் துணை. பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி தருவதும் அவர்கள் வேலைதான். இரு மாநிலத்திலும் தொகை கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்ட பிறகு, உறவினர் முகவரியில் அந்தப் பக்கமும் ஒரு கார்டு என்ற யோசனைக்கு அர்த்தமே இல்லை. பிடிபட்டால் இரண்டும் போகும்.

எல்லை பார்க்காதவற்றில் முக்கியமானது தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் இது பொருந்தும். இதன் கீழ் வரும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சேருமுன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, வயது வரம்பும் கிடையாது. பேச்சுப் பயிற்சி போன்ற சிகிச்சைகளுக்கும் ஓரளவு பணம் திரும்பக் கிடைக்கும். எந்த ஆஸ்பத்திரி பில்லையும் கொடுக்கலாம் என்பதால் கோவையில் காட்டும் கேரளக் குடும்பத்துக்கு இது ஏற்றது. ரயிலில், துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் கூட வருபவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு ரயில்வேயின் சலுகை அட்டையைத் தனியாக வாங்க வேண்டும்.

பிள்ளைக்குப் 18 வயது ஆனதும் பெற்றோர் சட்டப்படி பாதுகாவலர் அல்ல என்பது பலருக்கு வங்கியில் போய் நிற்கும்போதுதான் தெரியவருகிறது. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் இயங்கும் உள்ளூர் குழுவிடம் மனுக் கொடுத்துப் பாதுகாவலர் நியமனம் பெறலாம். நியமனம் வந்த 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்து விவரத்தையும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த 3 மாதத்துக்குள் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும்.

எஸ்டேட் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் இருந்த தொழிலாளி இறந்தால், பிள்ளை நிரந்தரமாக முழு ஊனமுற்றவராக இருக்கும்பட்சத்தில் குழந்தை ஓய்வூதியத்துக்கு 25 வயது என்ற வரம்பு இல்லை; ஆயுள் முழுக்கக் கிடைக்கும். மூணாறில் உழைத்து, ஓய்வுக்குப் பின் போடிக்கோ கம்பத்துக்கோ இறங்கிவிட்ட குடும்பத்துக்கும் இது உண்டு. பணியில் இருக்கும்போதே குடும்ப விவரப் படிவத்தில் அந்தப் பிள்ளையின் பெயரும் குறைபாடும் ஏறியிருக்கிறதா என்று எஸ்டேட் ஆபீசில் பார்த்துவிடுங்கள்.