முகம் உடைந்து வருபவரை யார் முதலில் பார்ப்பது?

பைக்கிலிருந்து விழுந்து முகமெல்லாம் ரத்தமாக வருபவரின் உறவினர்கள் முதலில் கேட்பது தையலையும் தழும்பையும் பற்றித்தான். தையல் சில மணி நேரம் பொறுக்கும், மூச்சு பொறுக்காது. கீழ்த்தாடையின் முன்பகுதி இருபுறமும் உடைந்திருந்தால் நாக்குக்குப் பிடிமானம் போய்விடும்; மல்லாக்கப் படுக்க வைத்ததும் அது பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். நினைவோடு இருப்பவர் எழுந்து குனிந்து உட்காரத் துடித்தால் அமுக்கிப் படுக்க வைக்காதீர்கள். கழுத்தை அசையாமல் தாங்கியபடி உட்கார விடுங்கள்.

அடுத்தது கண். "வீக்கம் வடியட்டும், கண் டாக்டரை நாளைக்குக் கூப்பிடலாம்" என்ற பேச்சில் பார்வையே போய்விடலாம். கண் பிதுங்கி, கல்லாக இறுகி, பார்வை மங்கினால் பின்னால் ரத்தம் தேங்குகிறது என்று பொருள். ஸ்கேனுக்குக்கூடக் காத்திராமல், கண்ணின் வெளியோரத்தை வெட்டி அழுத்தத்தை இறக்க வேண்டும். கையிலிருப்பது ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். சிறுவர்களிடம் வேறொரு பொறி உண்டு. கண் சிவந்தே இருக்காது. ஆனால் மேலே பார்க்கச் சொன்னால் கருவிழி ஏறாது; வாந்தி வரும், நாடி குறையும். தலைக்காயம் என்று வார்டில் வைத்திருப்பார்கள். கண் தசையோ உடைந்த எலும்பின் இடுக்கில் மாட்டியிருக்கும். ஓரிரு நாளில் விடுவிக்காவிட்டால் இரட்டைப் பார்வை நிரந்தரமாகலாம்.

மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிந்தால் அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம்; நரம்பியல் அறுவை நிபுணர் பார்க்கும்வரை மூக்குவழி எந்தக் குழாயும் வேண்டாம். மயக்க மருந்து நிபுணருக்குச் சிக்கல் இங்கேதான். அறுவையின்போது மூச்சுக்கான ட்யூபை வாய்வழி போட்டால் மேல், கீழ்ப் பற்கள் சேராது. பற்கள் சேராமல் தாடை நேரானதா என்று தெரியாது. எக்ஸ்ரேயில் எலும்பை இணைக்கும் பிளேட் அழகாகத் தெரிந்தாலும் பற்கள் சேரும் விதம் மாறியிருந்தால் அவரால் இட்லியைக்கூட ஒழுங்காக மெல்ல முடியாது. மோவாய்க்கு அடியில் சிறிதாகக் கீறி ட்யூபை அந்த வழியே வெளியே எடுப்பது ஒரு வழி. அதை முந்தைய நாளே அறுவை நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் பேசி முடிக்க வேண்டும். மேஜையில் நோயாளியைக் கிடத்திவிட்டுப் பேசுவதல்ல.

தாடை அசையாமலிருக்க மேல், கீழ்ப் பற்களைச் சேர்த்துக் கம்பியால் கட்டியிருந்தால் தலைமாட்டில் வயர் கட்டர் தொங்க வேண்டும். நள்ளிரவில் வாந்தி வந்தால் எந்தக் கம்பியை வெட்டுவது என்பது டூட்டி நர்ஸுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வடிகட்டிய கஞ்சி மட்டும் குடித்தால் எடை மளமளவென்று குறையும். பால், பருப்புத் தண்ணீர், சத்துமாவு என இரண்டு மணிக்கொருமுறை கொடுக்க உணவியல் நிபுணர் எழுதித் தரட்டும்.

குழந்தைக்குத் தாடை மூட்டருகே உடைந்திருந்தால் நீண்ட நாள் கட்டி வைக்கக் கூடாது. கட்டு அவிழ்த்ததும் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் வாய் திறக்கும் பயிற்சியைத் தினமும் பல முறை செய்ய வேண்டும். குழந்தையின் மூன்று விரல்கள் அடுக்கி நுழையும்வரை திறக்க வேண்டும். அழுகிறது என்று வீட்டில் நிறுத்திவிட்டால் மூட்டு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைப் பிரிக்க இன்னொரு அறுவை சிகிச்சைதான்.