தொடக்கத் திரையில் கடையின் படத்தை வைக்குமுன்

பெங்களூருவில் அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் பகுதிகளில் தமிழர்கள் நடத்தும் புகைப்பட ஸ்டூடியோக்களுக்கும் அழைப்பிதழ் அச்சகங்களுக்கும் கணினி அமைத்துக் கொடுத்து, பட எடிட்டிங் கற்றுக்கொடுப்பது என் தொழில். கிம்ப் என்ற பட எடிட்டிங் மென்பொருளைத் திறந்ததும் தோன்றும் ஸ்ப்ளாஷ் ஸ்கிரீனில், அதாவது தொடக்கத் திரையில், கடையின் பெயரும் சின்னமும் வரவேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். வாடிக்கையாளர் பக்கத்தில் அமர்ந்து ஆல்பத்தைப் பார்க்கும் தொழிலில் இது நியாயமான விருப்பம். ஆனால், அந்தத் திரை எதற்காக இருக்கிறது என்பதை அறியாமல் படத்தை வைப்பவர்கள், கணினி கோளாறு செய்யும் நாளில் கிடைக்கவேண்டிய முதல் தகவலைத் தாங்களே மறைத்துவிடுகிறார்கள்.

மென்பொருள் தயாராகும் வரை நம்மைக் காத்திருக்கச் சொல்லும் அழகுப் படம் மட்டுமல்ல அது. தூரிகைகள், எழுத்துருக்கள், செருகுநிரல்கள் என ஒவ்வொன்றாக ஏற்றும்போது, அப்போது நடக்கும் வேலையை கிம்ப் அந்தப் படத்தின் அடிப்பகுதியில் எழுதிக் காட்டுகிறது. தமிழ், கன்னடம், இந்தி எழுத்துருக்களை ஆயிரக்கணக்கில் நிறுவி வைத்திருக்கும் அச்சகங்களில், ‘மென்பொருள் திறக்கவில்லை’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை எழுத்துருக்களை ஏற்றும் கட்டத்தில் நிற்பவைதான். அந்த வரியைப் படித்துச் சொன்னால் போதும், தொலைபேசியிலேயே வழி சொல்லிவிட முடியும். அடியில் கடையின் முகவரியையும் கைபேசி எண்ணையும் நெருக்கி எழுதியிருந்தால், அந்த வரி படிக்கக் கிடைக்காது.

அந்த எழுத்தின் நிறத்தை நாம் தேர்வு செய்வதில்லை. படத்தின் அடிப்பகுதியில் எழுத்து வரும் இடத்தின் சராசரி வெளிச்சத்தைக் கணக்கிட்டு, இருண்ட இடமென்றால் வெளிர் எழுத்தையும், வெளிச்சமான இடமென்றால் கரிய எழுத்தையும் கிம்ப் தானே தீர்மானிக்கிறது. ஆகவே அடிப்பட்டையில் ஒரு பாதி வெள்ளைப் பட்டுச்சேலையும் மறு பாதி கருப்புக் கோட்டுமாக ஒரு மணமக்கள் படத்தை வைத்தால், சராசரி நடுவில் விழுந்து, எழுத்து ஏதாவது ஒரு பாதியில் கரைந்துபோகும். அடிப்பகுதியை ஒரே நிறமாகவோ மெல்லிய நிறமாற்றமாகவோ விட்டுவிட்டு, சின்னத்தையும் பெயரையும் மேலே ஏற்றுவதே சரியான வடிவமைப்பு என்பது என் உறுதியான கருத்து. படம் 1920×1080 பிக்சலில் இருக்கலாம். திரைக்கு ஏற்ப மென்பொருள் அதைச் சுருக்கிக்கொள்ளும். அப்படிச் சுருங்கும்போது மெல்லிய எழுத்துருவில் தமிழின் புள்ளிகள்தான் முதலில் மறையும் என்பதால், தடித்த எழுத்துருவே பொருந்தும். பிஎன்ஜி கோப்பாக ஏற்றுமதி செய்தபின் எழுத்துகள் பிக்சல்களாகிவிடுவதால், மற்றக் கணினிகளில் அதே எழுத்துரு இருக்கவேண்டிய அவசியமில்லை.

யாருடைய படம் என்ற கேள்வியைப் பெரும்பாலான ஸ்டூடியோக்காரர்கள் எழுப்புவதே இல்லை. நாம் எடுத்த படம்தானே என்று எண்ணி, ஒரு மணமகளின் முகத்தை எல்லாக் கணினிகளின் தொடக்கத் திரையிலும் வைத்துவிடுகிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், அடுத்து வரும் குடும்பத்தின் முன்னால் இன்னொரு வீட்டுப் பெண்ணின் படத்தை அனுமதியின்றிக் காட்டுவது முறையல்ல. குழந்தைகளின் படங்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ஃபோட்டோஷாப்பின் தொடக்கத் திரையை மாற்றித் தருவதாகச் சொல்லி பென் டிரைவில் கைமாறும் சிறு நிரல்களையும் பார்க்கிறேன். அவற்றை ஒருபோதும் இயக்காதீர்கள். ஃபோட்டோஷாப்பில் இதை மாற்றுவதற்கான அமைப்பு இல்லை. நிரலின் கோப்புகளையே வெட்டி மாற்றும் இத்தகைய கருவிகளுக்கு நிர்வாகி அனுமதியைக் கொடுக்கும்போது, அவை வேறு என்ன செய்கின்றன என்று நமக்குத் தெரியாது. வாடிக்கையாளர்களின் படங்கள் அனைத்தும் இருக்கும் கணினியில் அந்த ஆபத்தை ஏற்க எந்தக் காரணமும் போதாது.

கிம்புக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. 1995-இல் பெர்க்லியில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மேட்டிஸும் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருளில், பயனர் தன் படத்தை வைத்துக்கொள்ள வழி ஏற்கெனவே உண்டு. விண்டோஸில் ஆப்டேட்டா கோப்புறைக்குள் ரோமிங், அதற்குள் கிம்ப், அதற்குள் நீங்கள் பயன்படுத்தும் பதிப்பின் எண்ணுள்ள கோப்புறை இருக்கும். அங்கே ‘ஸ்ப்ளாஷஸ்’ (splashes) என்று, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், பன்மையில் ஒரு கோப்புறையை உருவாக்கிப் படத்தை அதில் போடவேண்டும். பல படங்கள் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒன்று வரும். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை என்பதால், எக்ஸ்ப்ளோரரில் மறைந்தவற்றைக் காட்டும் அமைப்பை முதலில் இயக்கவேண்டும். 2.10 பதிப்பிலிருந்து 3.0-க்கு மாறுபவர்கள், புதிய எண்ணுள்ள கோப்புறையில் படம் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளவேண்டும். படத்தை வைத்தபின் மென்பொருளை இரண்டு மூன்று முறை மூடித் திறந்து, கீழே ஓடும் வரிகளை நாற்காலியில் அமர்ந்தபடியே படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் கோப்புறையிலிருந்து படத்தை நீக்கினால் போதும். கிம்பின் சொந்தப் படம் அடுத்த முறை தானாகவே வந்துவிடும்.